குரலின் பின்னே போன வில்: லால்குடி ஜெயராமன்

டிசம்பர் மாதத்துக் கச்சேரி ஒன்று முடியும் தறுவாய். பெரிய ராகமும் தனியாவர்த்தனமும் ஆகிவிட்டன. மாலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடுப்பு வலி. கடைசி பஸ் கவலை சிலருக்கு, கான்டீனில் அடை தீர்ந்துவிடுமோ என்ற கவலை சிலருக்கு. அந்த நேரம் பார்த்து பாடகி மோகனகல்யாணியில் ஒரு தில்லானாவை எடுக்கிறார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவர்கள் வாசற்கதவருகே அப்படியே நின்றுவிடுகிறார்கள். பாடகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின்காரப் பையன், அவர் பாடுவதை அரை மூச்சு பின்னால் வாங்கி வாசித்துக்கொண்டு போகிறான்.

நான் பல முறை பார்த்த காட்சி இது. ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சிரிப்பு எழும். அந்தத் தில்லானாவைச் செய்தவரே ஒரு வயலின் வித்வான். பாடகரைப் பார்த்துப் பார்த்து வாசிப்பதையே பிழைப்பாகத் தொடங்கியவர். அவர் மெட்டை இப்போது தொண்டை பாட, இன்னொரு வயலின் அந்தத் தொண்டையைத் தொடர்ந்து ஓடுகிறது.

வாத்தியக்காரர் ஒருவர் விட்டுப்போகும் சொத்து பெரும்பாலும் இரண்டே: ஒலிப்பதிவுகள், சிஷ்யர்கள். லால்குடி ஜெயராமனுக்கு இவை இரண்டும் தாராளமாகவே இருந்தன. ஆனால் அவர் இறந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு, அவர் பெயர் அதிகம் புழங்குகிற இடம் வயலின் வகுப்பு அல்ல. பாட்டு வகுப்பிலும் பரதநாட்டிய வகுப்பிலும்தான் அது நாள் தவறாமல் ஒலிக்கிறது. வயலினே வாசிக்கத் தெரியாதவர்களிடம் ஒரு வயலின்காரர் இப்படிக் குடியேறியது எப்படி? பக்கவாத்தியமாக இருந்த காலத்தில் அவர் கற்றதுதான் பின்னால் சாகித்யகர்த்தாவாக வெளிவந்தது என்று நான் நினைக்கிறேன்.

லால்குடியின் பழைய பெயர் திருத்தவத்துறை. கொள்ளிடத்துக்கு வடக்கே, திருச்சியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். படையோடு வந்த மாலிக்காபூர் தூரத்தில் தெரிந்த சிவந்த கோபுரத்தைப் பார்த்து ‘லால்’ என்றதால் இந்தப் பெயர் வந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு, கதையாகவே இருக்கட்டும். இசைக்காரர்களுக்கு இந்த ஊர் முக்கியமாவது வேறு காரணத்தால். தியாகராஜர் இங்கே வந்து, சப்தரிஷீஸ்வரர் மீதும் அம்பாள் பிரவிருத்த ஸ்ரீமதி மீதுமாக ஐந்து கிருதிகள் செய்தார். கல்யாணி, தோடி, பைரவி, காம்போதி, மத்தியமாவதி ஆகிய ராகங்களில் அமைந்த இவைதான் லால்குடிப் பஞ்சரத்னம். அவரை இங்கே அழைத்து வந்தவர் அவருடைய சீடர் ராமய்யர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

அந்த ராமய்யரின் வம்சத்தில், 1930 செப்டம்பர் 17 அன்று பிறந்தவர் ஜெயராமன். தகப்பனார் வி.ஆர். கோபாலய்யரே குரு. அவருடைய கண்டிப்பு சங்கீத வட்டாரத்தில் பேர்போனது. விளையாட வேண்டிய வயதெல்லாம் சாதகத்தில் போயிற்று என்று சொல்வது எல்லா வித்வான்களின் வாழ்க்கை வரலாற்றிலும் வரும் வாக்கியம். இவர் விஷயத்தில் அது மிகையல்ல. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியமாக மேடை ஏறிவிட்டார்.

அவர் கையில் இருந்த கருவியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலினைக் கற்றுக்கொண்டார். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இது நடந்தது. அதுவரை பாட்டுக்குத் துணையாக இருந்தது வீணை. அப்படித் தொடக்கத்திலேயே வயலினை எடுத்துக்கொண்ட இன்னொருவர் வடிவேலு. தஞ்சை நால்வரில் கடைக்குட்டி, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் அரசவையில் இருந்தவர். 1834இல் அவருக்கு மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வடிவேலுவை நாம் வயலின் வரலாற்றில் ஒரு வரியாகவும் நாட்டிய வரலாற்றில் இன்னொரு வரியாகவும் தனித்தனியே படித்துவிடுகிறோம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த நான்கு சகோதரர்கள்தான் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று சதிர்க் கச்சேரிக்கு இன்றுள்ள வரிசையை அமைத்தார்கள். கர்நாடக வயலினைக் கையில் எடுத்த முதல் தலைமுறையிலேயே ஒருவர் நாட்டியத்துக்கு வர்ணம் செய்பவராக இருந்திருக்கிறார். வில்லும் சதங்கையும் சேர்ந்தேதான் தொடங்கியிருக்கின்றன. இடையில் பிரிந்தன. ஒன்று சபா மேடைக்குப் போய்ப் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மற்றது கோயிலில் இருந்து விரட்டப்பட்டு, பரதநாட்டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. லால்குடியின் வர்ணங்களைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

கருவி வெளிநாட்டது. உட்காரும் முறை மட்டும் நம்முடையது. மேல்நாட்டார் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவே இறுக்கிப் பிடிப்பதை, நம்மவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்துக்கொண்டார்கள். இதனால் விளைந்தது பெரிய விஷயம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாமல் போயிற்று. கை தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓடலாம். கமகத்துக்கு வேண்டியது அந்த வழுக்கல்தானே. தந்திகளையும் மேல்நாட்டார் சுருதியில் விடவில்லை. மந்திர ஷட்ஜம், பஞ்சமம், மத்திய ஷட்ஜம், பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்கு இறக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பின் நூறு வருஷத்தில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, பாப்பா வெங்கடராமய்யா, ஆந்திரத்தில் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு என்று பெரிய பெயர்கள் வந்தன. துவாரம் வயலினைத் தனிக்கச்சேரி வாத்தியமாகவும் நிறுத்திக் காட்டினார். மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலினை உண்டாக்கினார். ஒலிபெருக்கி இல்லாத பந்தலில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற தேவையே அதற்குக் காரணம். இன்று பெங்களூரில் அவர் பெயரில் உள்ள அரங்கின் கட்டடமே வயலின் வடிவத்தில்தான் நிற்கிறது.

லால்குடி மேடையேறியபோது மைக் வந்துவிட்டது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கத்த வேண்டியதில்லை என்று ஆனதும் வயலினுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. வில்லை அழுத்தாமல், முடியின் ஓரத்தால் தந்தியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தால்கூட மூன்றாவது வரிசைக்கு அல்ல, முப்பதாவது வரிசைக்குப் போய்ச் சேரும். லால்குடியின் ஒலிப்பதிவுகளில் எனக்கு முதலில் பிடிபட்டது அந்த மெல்லிய தொடக்கம்தான். ஸ்வரம் எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரியாது. காதில் விழும்போது அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். சௌடய்யா தலைமுறைக்கு இது ஆடம்பரம். இவருக்கு அது அன்றாடம்.

பக்கவாத்தியம் என்பது என்ன மாதிரி வேலை? பாடகர் ஆலாபனையில் ஒரு சஞ்சாரம் பாடுகிறார். அது எங்கே போகும் என்று அவருக்கே சில சமயம் தெரியாது. வயலின்காரர் அதை விடாமல் நிழல்போல ஒட்டிக்கொண்டு போக வேண்டும்; முந்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கடைசிப் பிடியைச் சின்னதாக ஒரு கார்வையில் தாங்கி வைத்திருக்க வேண்டும். பிறகு தன் முறை வரும்போது, அவர் பதினைந்து நிமிஷம் பாடிய ராகத்தை ஐந்தே நிமிஷத்தில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதையே சொன்னால் சோம்பேறி. சொல்லாததைச் சொன்னால் அதிகப்பிரசங்கி. கிருதிகளிலோ பாடாந்தரம் வீட்டுக்கு வீடு வேறு. இன்று ஒருவரின் சங்கதி, நாளை இன்னொருவரின் சங்கதி. இரண்டையும் நேற்றே தெரிந்தது போல வாசித்தாக வேண்டும்.

இந்த வேலையை அவர் யார் யாருக்குச் செய்தார் என்ற பட்டியலைப் பார்த்தால் அந்த நூற்றாண்டின் கச்சேரி மேடையே வந்துவிடும். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி. இவர்களில் ஒருவர் போல் இன்னொருவர் பாட மாட்டார். அரியக்குடி எதையும் நீட்ட மாட்டார்; அளவு என்பதற்கு அவரே அளவு. ஜி.என்.பி.யின் பிர்கா கண்ணைச் சிமிட்டுவதற்குள் மூன்று ஸ்தாயியைக் கடந்துவிடும். மணி அய்யரின் ஸ்வரங்கள் கணக்கே இல்லாதது போல ஓடிக்கொண்டிருந்து, சரியாக எடுப்பில் வந்து உட்காரும். ஆலத்தூர் சகோதரர்களிடம் எல்லாமே கணக்கு. பல்லவியில் அசந்தால் கதை முடிந்தது. மாலியிடம் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பாடகர் தன் குருவிடம் ஒரு பாணியைக் கற்கிறார். ஆயுள் முழுக்க அதைக் காப்பாற்றுகிறார். பக்கவாத்தியக்காரருக்கு வாரம் ஒரு பாணி. அதுவும் பாடம் கேட்பது போல் நிதானமாக இல்லை, நூற்றுக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, தவறினால் மானம் போகும் நிலையில். லால்குடி பாணி என்று இன்று நாம் சொல்வது கோபாலய்யர் வீட்டில் போட்ட அஸ்திவாரத்தின் மேல், இத்தனை பேருடைய தொண்டைகளைக் கொண்டு எழுப்பிய கட்டடம். அவர் வர்ணங்களின் ஸ்வரக் கோவைகளைக் கேட்கும்போது, ஆலத்தூர்க் கணக்கின் மேல் மணி அய்யரின் ஓட்டத்தைப் போர்த்தியது போல எனக்குத் தோன்றும். வேறு ஒருவருக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

அந்தப் பாணிக்கு வழக்கமாகச் சொல்லும் இலக்கணம், ‘வயலினைப் பாட வைத்தார்’ என்பது. எல்லா வயலின்காரரைப் பற்றியும் யாராவது இப்படி எழுதியிருப்பார்கள். எழுதுவது சுலபம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

‘முருகா’ என்று ஒருவர் பாடுகிறார். இரண்டு குறில், ஒரு நெடில். இதை வாத்தியத்தில் ஒரே வில்லில் இழுத்துவிட்டால் கேட்பது வெறும் ஸ்வரம், எழுத்து மறைந்துவிடும். மூன்று எழுத்துக்கும் மூன்று வில் போட்டால் தட்டச்சு அடித்தது போல் இருக்கும். யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ‘மு’வுக்கும் ‘ரு’வுக்கும் நடுவில் நாக்கு எவ்வளவு லேசாகப் புரள்கிறதோ அவ்வளவு லேசாக வில்லும் ஒரு நுனித் தயக்கம் காட்ட வேண்டும்; ‘கா’வில் வில் முழுநீளம் போக வேண்டும். ‘அப்பா’ என்றால் இன்னும் சங்கடம். ‘ப்’ என்ற ஒற்றில் உதடு மூடிக் காற்று நின்றுவிடுகிறது. அந்த அரை மாத்திரைக்கு வில் தந்தியிலேயே இருந்தபடி பேசாமல் நிற்க வேண்டும். தூக்கினால் இடைவெளி விழும், இழுத்தால் ஒற்று போய்விடும். குறில், நெடில், ஒற்று என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கை வலது கை மணிக்கட்டால் எழுதிக் காட்டுவது இது. லால்குடி கிருதி வாசிக்கும்போது, பாட்டு தெரிந்தவர்களுக்குச் சொல் காதில் விழுகிறது என்றால் அதற்கு இந்த வில் வேலைதான் காரணம்.

இதைச் செய்ய முதலில் சாகித்யம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொருள் தெரிந்து, பிரிக்கும் இடம் தெரிந்து, பாடவும் தெரிந்திருக்க வேண்டும். அவர் தன் மாணவர்களை வாத்தியம் கற்பவர், வாய்ப்பாட்டு கற்பவர் என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்காததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அவருடைய தனிக்கச்சேரி வாழ்க்கையை நான் சற்று வேகமாகக் கடக்கிறேன். அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். அங்கே அவரைக் கேட்ட யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார். ஊர் திரும்பிய லால்குடி பதிலுக்கு ஒரு தந்த நடராஜரை அனுப்பினார். சுவாதித் திருநாள் கொடுத்த தந்த வயலினை நினைத்துக்கொண்டால், தந்தமும் வயலினும் இங்கே இடம் மாறிக்கொண்டது போல இருக்கும். 1966இல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் ஆகியோரோடு சேர்ந்து வயலின், வேணு, வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். ஊதும் கருவி, மீட்டும் கருவி, இழைக்கும் கருவி. மூன்றும் ஒரே பிடியை மூன்று விதமாகத்தான் சொல்ல முடியும். வீணையில் மீட்டிய ஒலி தேய்ந்துபோகும் இடத்தில் வில் அதை வாங்கிக்கொள்ளும். அந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தம், பிறகு மகன் கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி என்று குடும்பத்தோடும் சேர்ந்து வாசித்தார். பக்கவாத்தியத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார்.

குறைத்துக்கொண்ட அந்த வேலை அவருடைய சாகித்யங்களில் வேறு உருவில் தொடர்ந்தது.

வர்ணம் என்பது கர்நாடக இசையில் விசித்திரமான பிறவி. மாணவருக்கு அது பயிற்சி, கச்சேரிக்கு அது தொடக்கம், நாட்டியத்துக்கு அதுவே நடுநாயகம். ராகத்தின் முக்கியப் பிடிகள் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், அதன் பின் ஒன்றைவிட ஒன்று வளர்ந்து போகும் எத்துக்கடை ஸ்வரங்கள் என்று கட்டுக்கோப்பு கறாரானது. ஒரு ராகத்தில் வர்ணம் இருந்தால் அந்த ராகத்துக்கு வீட்டுப் பத்திரம் கிடைத்த மாதிரி. வலஜி, நளினகாந்தி போன்ற ராகங்களில் லால்குடி வர்ணம் செய்தபோது நடந்தது இதுதான். நளினகாந்தியை மேடையில் நிலைநிறுத்தியது தியாகராஜரின் ஒரே ஒரு கிருதி. அந்த ராகத்தில் கற்பவர் காலையில் எழுந்து சாதகம் செய்ய ஒரு வர்ணம் கிடைத்ததும் ராகத்தின் நடமாட்டமே மாறிவிட்டது. முன்பு அபூர்வ விருந்தாளி, இப்போது வீட்டு ஆள்.

சாருகேசிப் பதவர்ணம் இன்னொரு ரகம். சாருகேசியின் பூர்வாங்கம் சங்கராபரணம் போல வெளிச்சமானது. உத்தராங்கத்தில் தைவதமும் நிஷாதமும் இறங்கி, அழுகைக்குக் கிட்டே கொண்டுபோய் விடும். கிருஷ்ணனிடம் ஒரு பெண், என் மனம் உனக்கு இன்னும் தெரியவில்லையா என்று கேட்கிற பாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் தேட முடியாது. கேள்வி வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடிகிறது. நாட்டியக்காரர்கள் இந்த வர்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மெட்டு மட்டுமல்ல. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் வேறொரு அபிநயம் பிடிக்க இடம் வைத்திருக்கிறார். சஞ்சாரிக்கு எங்கே இடம் வேண்டும் என்பது ஆடுபவருக்குத் தெரியும். பாடகரின் பின்னாலேயே போய்ப் பழகிய ஒருவருக்கும் தெரியும். மற்றவர் செய்வதற்கு இடம் விடுவதுதானே பக்கவாத்தியத்தின் முதல் பாடம்.

தில்லானாவுக்கு வருவோம். வசந்தா, தேஷ், ரேவதி, மதுவந்தி, திலங், மோகனகல்யாணி என்று அவர் செய்தவற்றில் பாதியாவது இன்று நாட்டிய அரங்கேற்றங்களின் நிரந்தரச் சொத்து. கிருதியை வாசிக்கும்போது வாத்தியம் சொல்லைத் தேடிப் போகிறது என்றால், தில்லானா பாடும்போது குரல் சொல்லை விட்டு வாத்தியமாகிறது. ‘தீம்’, ‘தன’, ‘திரன’ என்பவற்றுக்குப் பொருள் கிடையாது. அவை வெறும் தட்டும் மீட்டும் இழையும். ‘தீம்’ என்றால் ஒரு நீண்ட வில், மகரத்தில் மூடும்போது வில்லின் வால் மெல்லத் தேய்கிறது. ‘தன’ என்றால் மணிக்கட்டின் இரண்டு சின்ன அசைவு. வாழ்நாள் முழுக்கப் பொருளில்லாத ஒலியால் பொருளைச் சொல்லப் பாடுபட்ட ஒரு மனிதருக்கு இந்த வடிவம் ஏன் இவ்வளவு வசப்பட்டது என்பதில் ஆச்சரியம் இல்லை.

மோகனகல்யாணியையே எடுத்துக்கொள்ளலாம். ஏறும்போது மோகனம், ஐந்தே ஸ்வரம். இறங்கும்போது கல்யாணி, ஏழும் உண்டு. மாடிப்படியில் ஏறும்போது இரண்டிரண்டு படியாகத் தாவி, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருகிற குழந்தையைப் போல. ஆடுபவரின் காலுக்கு ஏற்றத்தில் தாவல் கிடைக்கிறது, இறக்கத்தில் நெளிவு கிடைக்கிறது. லால்குடி இந்த இரண்டையும் ஒட்ட வைக்கிற இடங்களைத்தான் ரசிகர்கள் கதவருகே நின்று கேட்கிறார்கள் என்பது என் ஊகம்.

வடிவேலுவிடம் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தேன். நால்வர் வகுத்த வரிசையில் வர்ணமும் தில்லானாவும் இருக்கின்றன; அந்த இரண்டிலும்தான் லால்குடியின் பேர் நிலைத்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வயலின்காரர், தனக்கு முன் இருந்த முதல் வயலின்காரர்களில் ஒருவர் செய்த வேலைக்கே திரும்பிப் போயிருக்கிறார். அவர் இதை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கருவிக்கு ஒரு ஞாபகம் உண்டு போலிருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் அரங்கேறிய ‘ஜெய ஜெய தேவி’ நாட்டிய நாடகத்துக்குப் பாட்டும் இசையும் அவருடையதே. எழுபதைத் தாண்டிய வயதில் முதல் முறையாக ஒரு திரைப்படத்துக்கு இசையமைத்தார். ‘சிருங்காரம்’ என்ற அந்தப் படத்தின் கதை யாரைப் பற்றியது? 1920களில் வாழ்ந்த ஒரு தேவதாசியைப் பற்றியது. அதற்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும் கிடைத்தது. சதிர் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டுக்கே வயலின் போய்ச் சேர்ந்துவிட்டது.

விருதுகளை விட்டுவிட முடியாது, அதில் நெடுநேரம் நிற்கவும் வேண்டியதில்லை. 1972இல் பத்மஸ்ரீ, 1979இல் சங்கீத நாடக அகாதமி, 2001இல் பத்மபூஷண். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் துவாரம் உண்டு, சௌடய்யா உண்டு, டி.என். கிருஷ்ணன் உண்டு, எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் உண்டு, லால்குடி ஜெயராமன் இல்லை. ஏன் என்பதற்குச் சபா வாசலில் அரை டஜன் கதை கிடைக்கும், காப்பி வாங்கிக் கொடுத்தால் ஏழாவதும் கிடைக்கும். 2023ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி பாம்பே ஜெயஸ்ரீ. அவர் லால்குடியிடம் கற்றவர், கற்றது வாய்ப்பாட்டு. குருவுக்குத் திறக்காத கதவு சிஷ்யைக்குத் திறந்தது, அதுவும் குரல் வழியாக.

வாய்ப்பாட்டுக்காரர்கள் வயலின்காரரிடம் போய்ப் பாட்டு கற்பது முன்பு அவ்வளவு வழக்கமில்லை. திருவையாற்றிலிருந்து வந்த பாடம் பாடகர் வழியாகவே போகும். வாத்தியக்காரர் அதை ஓரமாக இருந்து பொறுக்கிக்கொள்வார். லால்குடியிடம் பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன், ஹரிகதை சொல்லும் விசாகா ஹரி என்று பாடுபவர்கள் வரிசையாக வந்தார்கள். விட்டல் ராமமூர்த்தி போன்ற வயலின் சிஷ்யர்களும் அதே அளவுக்கு உண்டு. இந்தப் பாடகர்களைக் கூர்ந்து கேட்டால் ஒரு பொதுக்குணம் பிடிபடும். ஸ்வரத்தில் இடித்து இறங்க மாட்டார்கள். எங்கே தொடங்கியது என்று தெரியாத அந்தத் தொடக்கம், வில்லின் தொடக்கம், அவர்கள் தொண்டையில் இருக்கும்.

அவர் காலத்தில் வயலினுக்கு மூவர் என்று சொல்வார்கள்: லால்குடி, எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன். பரூர் பாணியைச் சேர்ந்த எம்.எஸ்.ஜி.யின் விரலும் வில்லும் வேகத்தில் யாருக்கும் சளைக்காதவை. இந்துஸ்தானியையும் அதே சரளத்தோடு வாசிப்பார். கிருஷ்ணனிடம் சாந்தம், ஒரு சகானாவை அவர் வாசித்து முடித்தபின் கை தட்டக்கூடத் தயக்கமாக இருக்கும். வெறும் வாசிப்பை வைத்து இந்த மூவரில் யார் பெரியவர் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மழை நாளில் ஒருவர், வெயில் நாளில் ஒருவர். 2013 ஜனவரி 3 அன்று எம்.எஸ்.ஜி. போனார். அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று லால்குடி. கிருஷ்ணன் இன்னும் ஏழு வருஷம் இருந்து 2020 நவம்பரில் மறைந்தார். ஒலிப்பதிவுகளில் மூவரும் சமமாக இருக்கிறார்கள். ஒலிப்பதிவே கேட்காத ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் போய்ச் சேர்ந்தவர் ஒருவர்தான்.

அப்படி ஒரு குழந்தையோடு திருச்சிக்கு ரயிலில் போக நேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண், நாட்டியம் கற்றுக்கொள்கிறாள். பையில் நீள நோட்டுப் புத்தகம், அதில் பச்சை மையில் வரிசையாகத் தலைப்புகள். ‘தில்லானா, தேஷ், லால்குடி’ என்று ஒன்று. ‘வர்ணம், சாருகேசி, லால்குடி’ என்று இன்னொன்று. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதியது. அரியலூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சிக்னலுக்காக வண்டி ஒரு ஸ்டேஷனில் மெதுவாயிற்று. ஜன்னல் ஓரமாக இருந்தவள் மஞ்சள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சட்டென்று திரும்பினாள்.

“மாமா, இங்க பாருங்க, லால்குடின்னு போட்டிருக்கு. அவர் பேர்ல ஊரே வெச்சுட்டாங்களா?”